வயலைத் தின்ற செந்நிறம்

நண்பகல் வெயில் கரிக்கலாம்பாக்கத்தின்மேல் இரக்கமின்றி இறங்கிக்கொண்டிருந்தது. முற்றிய நெல் ஒருபுறம் பொன்னென விரிய, மறுபுறம் எல்லைக்கல் நட்ட வெற்று மனைகள் பல்லிளித்துக் கிடக்க, நடுவே வாய்க்கால் எப்பக்கம் பாய்வதென்று அறியாது தேங்கி நாறியது. பெரியீர், அவ்வாய்க்காலை ஒட்டிய வீட்டின் கூடத்தில் ஓவியன் பலராமன் காலைமுதல் பிணமாய்க் கிடந்தான். அவனைப் புதைப்பதா எரிப்பதா என்று மனைவி ஸ்டெல்லாவும் தமையன் பச்சையப்பனும் பகைத்து நின்றனர்.

முருகன் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் ஒருங்கே முதுகு காட்டி வாழ்ந்தவன் பலராமன். தன் விருப்பம் எதனையும் சொல்லாமலே செத்தான். எஞ்சியது, சுவரில் தொங்கிய நிலக்காட்சி ஓவியம் ஒன்றே. கீழே அடர்பச்சை வயல். நடுவே ஒற்றைப் பனை. விளிம்பிலிருந்து வயலைத் தின்றுகொண்டு வரும் தடித்த செந்நிறம்.

பச்சையப்பன் அதைச் சுட்டினான். "நல்லா பாருங்கப்பா. செவசெவன்னு எரியிது. அக்கினி. எந்தம்பி தன்ன எரிக்கச் சொல்லித்தான் வரைஞ்சி வச்சிருக்கான்."

"பனமரத்த பாக்கலியா மாமா? மட்ட ரெண்டு பக்கமும் விரிஞ்சி சிலுவையாட்டம் நிக்கிது" என்றாள் ஸ்டெல்லா.

"போற வழியில நிக்கிற மரத்துக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துடுவ போலகீதே நீ."

பிணத்தின் முன்னிலையிலும் சிலர் சிரித்தனர்.

பனை வெறும் பனையே. அவளும் அதை அறிந்தே சொன்னாள். உள்ளதைச் சொல்லி மூத்தவனை ஊர்முன் தோலுரிக்க அதுவரை அவளுக்கு மனமில்லை. அந்தச் சிரிப்பு அத்தடையை நீக்கியது. ஓவியத்தில் பச்சை நிறம் நீர்போல் வழவழத்து ஓட, செந்நிறம் மட்டும் புண்ணின் பொருக்கெனப் புடைத்துச் சொரசொரத்திருக்க, எழுந்து சென்று அதனை நகத்தால் சுரண்டினாள். உதிர்ந்த துகளைப் பச்சையப்பன் முகத்தருகே நீட்டினாள்.

"இன்னா இது, சொல்லு. நெருப்பா? அவர ஒரு வார்த்த கேக்காம கூட்டு நெலத்த மனை போட்டு வித்தியே, அப்ப நெல்லு மேல லாரி லாரியா கொட்டுன செம்மண்ணு. அத்த அள்ளியாந்து கலர்ல கொழச்சி அப்பினாரு. நான்தான் சலிச்சி குடுத்தேன்."

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தனர். பச்சையப்பன் ஓவியத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"மண்ணுதான? மண்ணுலயே வையி. நான் வரல."

"வராத."

அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். மாலையில் கல்லறைத் தோட்டத்து வேலியோரம், ஞானமுழுக்குப் பெறாதவனுக்கு இவ்வளவே என்று ஒதுக்கிய மூலையில், பலராமனைப் புதைத்தனர்.

செந்நிறத்தில் தீயைக் காண்பதும் பனையில் சிலுவையைக் காண்பதும் காண்போர் வழக்கம். தீட்டியவனோ மறைபொருள் எதனையும் வைத்திலன். தொட்டால் கையில் ஒட்டும்படி அப்பிவைத்தான். ஓவியம் உலர்ந்த நாள்முதல் தமையன் அவ்வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதன்கீழேதான் அமர்ந்தான். தம்பியின் பகை தன் தலைக்கு நேர்மேலே தொங்க, அதை அண்ணாந்து நோக்கி அழகு அழகென்று புகழ்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.