அம்மாவுக்குப் பிணை

குணலட்சுமியிடம் யார் எதைக் கேட்டாலும் மகாதேவிதான் பதில் சொல்வார். தையற்காரி அளவு கேட்டாலும், பல் வைத்தியர் எந்தப் பல் என்று கேட்டாலும் தாயின் வாய்தான் முந்தும். மகள் தலையாட்டுவாள். புருஷனை இழந்தவர் ஒரே பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்த அழகு அது. பதினெட்டு வயது முடிந்தும் கொடிகாமம் சந்தையில் ஒரு கட்டுக் கீரையைத் தனியாகப் பேரம் பேசி வாங்க அவளுக்குத் தெரியாது.

அந்தத் தாயும் மகளும்தான் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில் ஒரு காலை இயக்கத்தார் பயண அனுமதி கொடுக்கும் பாஸ் கந்தோர் வாங்கிலில் உட்கார்ந்திருந்தார்கள். மகாதேவியின் வயிற்றில் ஒரு கட்டி. கொழும்புக்குப் போய்த்தான் வெட்ட வேண்டும். குடாநாட்டை விட்டுப் போகிறவருக்கு இங்கே ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் தவணைக்குள் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பொறுப்பு. அது எப்படிப்பட்ட பொறுப்பு என்று ஊரில் யாரும் உரத்துச் சொல்வதில்லை. பிணை நிற்பதாகச் சொன்ன மாமா பஞ்சலிங்கத்துக்கு அன்று காலை பார்த்து இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்!

தாய்க்குத் தெரியாத ஒன்று குணலட்சுமிக்குத் தெரியும். முந்தநாள் டாக்டர், மகாதேவியை மருந்தெடுக்க அனுப்பிவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மாவுக்குச் சொல்லாதையும் பிள்ளை. கட்டி பரவீட்டுது. வெட்டினால் சிலவேளை தப்பலாம். வெட்டாட்டி மாரி வரைக்கும் தாங்கமாட்டா."

தப்பலாம் என்றால் தப்பாமலும் போகலாம். அது விளங்காத அளவுக்கு அவள் சின்னப்பிள்ளை இல்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த பொறுப்பாளருக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது.

"பிணை ஆர்?"

"தம்பி, என்ரை அண்ணைக்குச் சுகமில்லை..." என்று இழுத்தார் மகாதேவி.

"பிணை இல்லாட்டிப் பாஸ் இல்லை, அம்மா."

"நான் நிக்கிறன்" என்றாள் குணலட்சுமி.

மகாதேவி பதறிப்போனார். "நீ பேசாமல் இரு! தம்பி, இவள் குழந்தை. எனக்குப் பாஸும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நாங்கள் வீட்டை போறம்."

எழுந்தே விட்ட தாயைச் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார்த்தினாள் மகள். "அம்மா, கொஞ்சம் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ!"

அம்மாவை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை.

பொறுப்பாளர் அடையாள அட்டையை வாங்கி வயதைப் பார்த்தார். "எத்தினை நாளிலை அம்மா திரும்புவா, தங்கச்சி?"

மகாதேவி வாயைத் திறந்தார்.

"உங்களைக் கேக்கேல்லை, அம்மா."

"முப்பது நாளிலை" என்றாள் குணலட்சுமி.

"வராட்டி?"

அவளுக்கு ஓடிப்போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. "வருவா" என்றாள்.

பொறுப்பாளர் முதல் தடவையாகச் சிரித்தார். "தாய்க்குப் பிள்ளை பிணை. இதைவிட நல்ல பிணை எனக்குக் கிடைக்காது. எந்தத் தாய் பிள்ளையை விட்டிட்டு அங்கை நிக்கப்போறா?"

அவள் பேனையை எடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் மகாதேவி மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். "பிள்ளை, உண்மையைச் சொல்லு. டாக்டர் என்னவாம்? எனக்கு ஒண்டு நடந்தால் உன்னையெல்லோ பிடிப்பாங்கள்?"

"சின்னக் கட்டி அம்மா. வெட்டினால் சரியாம்."

மகாதேவியின் முகம் தெளிந்தது. மறுகணமே பழைய அம்மா ஆகிவிட்டார். இரவில் பக்கத்து வீட்டுப் பராசக்தி அக்காவிடம் போய்ப் படு, ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடு, முழுகினால் தலையை நன்றாகத் துவட்டு... சைக்கிள் கரியரில் ஏறி உட்கார்ந்த பிறகும் புத்திமதி ஓயவில்லை. "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று மிதித்தாள் மகள்.

"தனிய இருக்கப் பயமாயிருக்கே, பிள்ளை?"

"இல்லை அம்மா."

கண்ணீர் நாடிவரை வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் சைக்கிள் ஆடும், பின்னால் இருக்கிற அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஹாண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி வீடுவரை மிதித்தாள்.