சைவம் மட்டும்

வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் தரகர் ஷிப்லி எங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஜும்ஆத் தொழுகைக்கு முன்னம் முடித்துவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வந்தவர், ஒழுங்கை முனையில் நின்று குரலைத் தணித்தார்.

"வீட்டுக்கார அன்டி வெஜிடேரியன் ஆக்களத்தான் கேக்குறாங்க. நீங்களும் அப்பிடித்தான் எண்டு செல்லிடுங்க. இண்டைக்கு வெள்ளி தானே, பொய்யும் இல்ல."

வெள்ளிக்கிழமையில் யாழ்ப்பாணத்து வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறாது என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நானும் முழுகி, திருநீறு பூசி, பார்ப்பதற்குப் பரம சைவமாகத்தான் இருந்தேன்.

அது கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் பார்த்த பத்தாவது வீடு. மனைவி சிவானிக்கு ஏழரை மாதம். இருந்ததோ லிப்ட் இல்லாத நாலாம் மாடி. அதையும் மாத முடிவில் விட வேண்டும், சொந்தக்காரரின் மகன் கனடாவிலிருந்து வருகிறார். பார்த்த ஒன்பதில் பாதி மேல்மாடி; மீதியில் சிவானியின் வயிற்றைப் பார்த்ததுமே, வீட்டை வேறு ஆட்களுக்குப் பேசியாகிவிட்டது என்றார்கள்.

இது கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு கீழ்வீடு. உப்புக்காற்றில் கறள் பிடித்த கேற். ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி கலகலக்கும். சிவானி ஒரு படிகூட ஏறாமல் உள்ளே போய், கதிரையில் இருந்து, வீங்கிய கால்களை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இந்த வீட்டுக்காக என்ன பொய்யும் சொல்லலாம் என்று முடிவெடுத்தேன்.

வீட்டுக்காரி பாலேஸ்வரி அன்ரி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேல்மாடியில் தனியாக இருக்கிறார். அங்கேயிருந்து முருங்கைக்காய்க் கறி வாசம் இறங்கி வந்தது.

"மச்சம் ஒண்டும் சமைக்க மாட்டியள் தானே, தம்பி?"

"இல்லை அன்ரி. நாங்கள் சைவம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சிவானி மெதுவாகக் கேட்டாள். "என்னப்பா, பிள்ளை பிறந்தா அம்மா பத்தியம் காய்ச்ச வருவா. மீன் இல்லாமப் பத்தியமோ?"

எனக்கு அது நினைவிலேயே இல்லை. மாமி யாழ்ப்பாணத்திலிருந்து பத்தியக் கறிக்கான சரக்குத்தூளோடு வந்து இறங்குவார். கீழ்வீட்டில் மீன் கொதிக்கிற வாசம் மேல்வீட்டுக்குப் போக எத்தனை நிமிடம் வேண்டும்?

"சொன்னா வீடு போயிடும், சிவானி."

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறதைவிட இப்ப போகட்டும். கையெழுத்து வைக்க முதல் சொல்லிப்போடுங்கோ."

ஞாயிறு காலை ஒப்பந்தக் கடிதத்தோடு போனேன். காலி வீதி பஸ் தரிப்பிலிருந்து கேற் வரைக்கும் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டே நடந்தேன். கேற்றடியில் மீன்காரரின் சைக்கிள் நின்றது. அவருக்கு முன்னால், கையில் அலுமினியத் தட்டோடு பாலேஸ்வரி அன்ரி. தட்டில் பாரைமீன் துண்டுகள்.

என்னைக் கண்டதும் மூடுவதற்கு முந்தானையைத் தேடினார். ஹவுஸ்கோட்டில் முந்தானைக்கு எங்கே போவது? கையை விரித்து மூடினார்.

"பூனைக்கு," என்றார்.

மீன்காரருக்குத் தமிழ் விளங்காது. நோனாவுக்கு, அதாவது அன்ரிக்கு, பொரியலுக்கென்றால் விரல் பருமனுக்கு மேல் வெட்டக் கூடாது, பதினைந்து வருடமாக நான்தானே வெட்டுகிறேன் என்று சிங்களத்தில் எனக்குப் பெருமையாக விளக்கினார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாடமாக்கியதெல்லாம் பறந்துவிட்டது. "அன்ரி, நாங்களும் மச்சம்தான். பொய் சொல்லிப்போட்டன். பிள்ளை பிறந்தா பத்தியத்துக்கு மீன் காய்ச்சோணும்."

அவர் மீனை மூடிய கையை எடுத்தார். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார்.

"கடவுளே! ரெண்டு நாளா நித்திரை இல்லைத் தம்பி. கீழ சைவக்காரர் வந்தா, மேல நான் எப்பிடி மீன் பொரிக்கிறது எண்டு."

"பிறகேன் அன்ரி அப்பிடிக் கேட்டனீங்கள்?"

"முந்தி வாடகைக்கு இருந்தவை நண்டு சாப்பிட்டுக் கோதை முற்றத்தில எறிஞ்சு, காகங்களோட நான் பட்ட பாடு! ஷிப்லியிட்டச் சொன்னன். வெஜிடேரியன் எண்டு கேப்பம், கரைச்சல் முடிஞ்சுது எண்டார்."

ஷிப்லி மட்டும் அங்கே இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

"கோதைப் பையில கட்டிப் போடுவியளோ?"

"ரெண்டு பையில கட்டுவம், அன்ரி."

அவர் எழும்பி மீன்காரரிடம் சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். ஆறேழு கிழமையில் குஞ்சுச் சுறா வேண்டும், பிள்ளை பெற்றவளுக்கு, நல்லதாகப் பார்த்து எடுத்து வை. மீன்காரர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு எங்கே கொண்டுவருவது என்று கேட்டார்.

"மே கெதரட்ட," என்றார் அன்ரி, பூட்டிக் கிடந்த கீழ்வீட்டுக் கதவைக் காட்டி. இந்த வீட்டுக்குத்தான்.

பிறகு மீன் பிடித்த கையாலேயே ஹவுஸ்கோட் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அதில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.