முதலில் இங்கிலாந்துக்கு

இனியா தன் கணவன் ஆல்வினின் வலது மணிக்கட்டில் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் கிருபா வந்து அவள் தோளைத் தொட்டாள். ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் கிடந்த கை விறைத்துப்போயிருந்தது. பொத்தான் ஓட்டைக்குள் நுழையவே இல்லை.

"அம்மா, ஒரு நிமிசம் உள்ள வாங்க."

"இரு கண்ணு, இதப் போட்டுட்டு வாரேன்."

"இப்பவே வாங்கம்மா."

மகளின் குரலைக் கேட்டு இனியா எழுந்தாள். உள்ளறையில் கிருபா கதவைச் சாத்திவிட்டுத் தன் போனை நீட்டினாள். திரையில் ஆல்வின் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் குடை பிடித்தபடி ஒரு வாத்து.

மழைக்குப் பயப்படும் அந்த வாத்தை இனியாவுக்குத் தெரியும். வட இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரிலிருந்து வரும் சிறுவர் காமிக்ஸ் வாரப் பத்திரிகைக்காக ஆறு வருடமாக ஆல்வின் வரைந்துவந்த வாத்து. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளை, மதுக்கரையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்து மழையை வரைகிறான் என்று அவன் அண்ணன் சாமுவேல் கேலி செய்வார். வாரத்துக்கு ஒரு பக்கம். படம் ஆல்வினுடையது. வாத்து பேசும் வட்டங்களுக்குள் எழுத்து போடுவது முஜீப். இருவரும் போத்தனூரில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைன் என்று பகல் முழுக்க ஒன்றாகவே இருந்தார்கள்.

"அப்பா போட்டோ தேடுனேன். அங்கத்த காமிக்ஸ் செய்தியெல்லாம் போடற வெப்சைட்ல வந்துருக்குதும்மா. அப்பா எறந்துட்டாருன்னு."

"போடட்டும். அதுக்கென்ன?"

"போட்ட நேரத்தப் பாருங்க. நேத்துக் காலைல ஒம்போது பன்னெண்டு. அது அவிங்க நேரம். நாம அஞ்சரை மணி நேரம் கூட்டணும்."

இனியா கூட்டினாள். இரண்டு நாற்பத்திரண்டு.

சுந்தராபுரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. ஒவ்வொரு குழாயிலும் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒட்டிப் பதினான்கு வருடம் பழகிய கை. நேற்று முஜீப் லேப் வாசலில் வந்து நின்றது நாலு இருபதுக்கு. கடைசிக் குழாயில் அந்த நேரத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். "இப்பத்தானுங்கக்கா... நெஞ்சு வலிக்குதுன்னாரு... ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள..." என்றான். இப்பத்தான் என்றான்.

"யார் சொன்னாங்கன்னு போட்டுருக்குதா?"

அந்தப் பத்திரிகையின் எடிட்டர் சொன்னதாகப் போட்டிருந்ததைக் கிருபா வாசித்துத் தமிழில் சொன்னாள். "'ஒரு வாரம்கூடத் தவறாமல் பக்கம் அனுப்பியவர். அவருடைய நண்பர் முஜீப் இந்தச் செய்தியை எங்களுக்குத் தெரிவித்தார்.' அப்புறம்... 'வாத்து தொடர்ந்து வருமா என்பதை முஜீபுடன் பேசி முடிவு செய்வோம்.'"

இனியா கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். ஷாமியானாவுக்குக் கீழே முஜீப் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து அவன் ஓயவில்லை. சவப்பெட்டிக்குச் சொன்னது, பூவுக்குப் போனது, தண்ணீர் கேன் தூக்கியது எல்லாம் அவன்தான். ஆனால் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதைத் துக்கம் என்று நினைத்திருந்தாள். தோளில் ஒரு கறுப்புப் பை மாட்டியிருந்தான். நாற்காலி தூக்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை.

"அப்பாவோட டேப்லெட் எங்க கிருபா?"

"ஆசுபத்திரில குடுத்த கவருல வாட்ச்சும் பர்ஸும் மட்டுந்தாம்மா இருந்துச்சு."

இனியா சாமுவேலைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். டாக்டரின் கோணல் எழுத்தில் நேரம் இருந்தது. 1.50. வரும்போதே உயிர் இல்லை.

"இதுல என்னம்மணி பாக்கற?"

சொன்னாள். சாமுவேலின் கழுத்து நரம்பு புடைத்தது. "எனக்கு அவன் மேல எப்பவுமே ஒரு இது உண்டு. ரெண்டரை மணி நேரம் என்ன பண்ணுனானாம்? பொணத்தப் போட்டுட்டு வெளிநாட்டுக்காரங்கூட வேல பேசிட்டு இருந்துருக்கறான். இப்பவே கேட்டுப்போடறேன்."

"வேண்டாங்க மாமா. அடக்கம் முடியட்டும். நானே கேக்கறேன்."

சாமுவேல் அடங்கினார். அவளுக்குத்தான் அடங்கவில்லை. மறுபடி போய் உட்கார்ந்து பொத்தானை மாட்டும்போது ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் இவள் அறைக்குப் போனபோது இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்தியது. ஆல்வின் கை வலிக்கிறது என்றபோது, "ரெண்டு பக்கம் நான் வரைஞ்சு பாக்கறனுங்ணா" என்று முஜீப் சொன்னது. அன்றைக்கு அது அன்பாகத்தான் பட்டது. இன்றைக்கு வேறு மாதிரித் தெரிந்தது. நெஞ்சு வலி என்று ஆல்வின் எத்தனை மணிக்குச் சொன்னான்? சொன்னவுடனே கிளம்பினார்களா? யாருக்குத் தெரியும்? அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் பேச மாட்டான்.

பாதிரியார் வந்தார். பாட்டுப் பாடினார்கள். பெட்டியை மூடும் நேரத்தில் எல்லோரும் நெருங்கி வந்தபோது முஜீப் மட்டும் பின்னால், தெருவில் நின்ற தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். இனியா அதையும் கவனித்தாள். அழுகை வரவில்லை. புருஷனைப் புதைக்கும் நாளில் அழவிடாமல் செய்துவிட்டானே என்று அவன் மேல் இன்னும் கோபம் வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடிந்து, ஜனங்கள் வேனை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். மதில் ஓரக் குழாயில் முஜீப் கை கழுவிக்கொண்டிருந்தான். இனியா நேராக அவனிடம் போனாள்.

"எதுக்குடா பொய் சொன்ன?"

பன்னிரண்டு வருடத்தில் அவனை 'ங்க' போடாமல் அவள் பேசியதில்லை. முஜீப் குழாயை மூடாமலே நிமிர்ந்தான்.

"ஒண்ணு அம்பதுக்கே போயிட்டாரு. எங்கிட்ட நாலு இருவதுக்கு வந்து, இப்பத்தான்னு சொன்ன. நடுவுல இங்கிலாந்துக்குச் சொல்லியிருக்கற. எனக்கு முந்தி அவிங்களுக்கு. வாத்து உனக்கு வேணுமா? எடுத்துக்க. ஆனா அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

அவன் பையைக் கழற்றி ஜிப்பைத் திறந்து டேப்லெட்டை எடுத்து நீட்டினான். "ஆட்டோல போறப்ப அண்ணன் மடியிலயே வெச்சுட்டு வந்தாருங்க்கா. வலின்னு சொன்ன அஞ்சாவது நிமிசம் ஆட்டோல ஏத்திட்டேன். போத்தனூர் ரயில்வே கேட்டு தாண்டறப்பவே தல சாஞ்சுருச்சு. நேத்தே குடுத்திருக்கணும். உங்க மூஞ்சியப் பாத்துக் குடுக்க முடியலீங்க."

"அந்த ரெண்டரை மணி நேரம்?"

"ஆசுபத்திரி வராண்டாலதான் இருந்தனுங்க்கா. அண்ணன் போன் எங்கையில இருந்துச்சு. ரெண்டு மணிக்கு மேல அந்த எடிட்டரம்மா கிட்டருந்து மெயில். பக்கம் இன்னும் வரலியே, ஒடம்பு சுகந்தானான்னு. நான் பதில் எழுதிட்டேன். அத அவிங்க செய்தியாப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. வாத்தப் பத்தி ராத்திரி கேட்டிருந்தாங்க. நான் இன்னும் பதிலே போடலீங்க."

"அவிங்களுக்கு எழுத முடிஞ்சுது. எனக்கு ஒரு போன் போட முடியல."

குழாய்த் தண்ணீர் முஜீபின் செருப்பின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்கிலீசுல எழுதறது சுலுவா இருந்துச்சுங்க்கா. அதுல யாரோ செத்துப்போன மாதிரி இருந்துச்சு. தமிழ்ல உங்ககிட்டச் சொன்னா..."

தன் போனைத் தேய்த்துத் திறந்து அவள் கையில் வைத்தான்.

அவன் நேற்றுப் போட்ட அழைப்புகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே பெயர். இனியா அக்கா. 1.58. 2.03. 2.04. 2.31. 2.33. 3.05. 3.06. 3.40. ஒவ்வொன்றும் மணி அடிக்குமுன் வெட்டப்பட்டிருந்தது. அவள் போனில் ஒன்றுகூட வந்து சேரவில்லை.

லேப் குழாயில் ஒட்டிய நேரத்தைச் சரிபார்ப்பதுபோல விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். 1.58க்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். 2.31க்கு, கூட வேலை செய்யும் சாஜிதா பேகம் தன் மாமியாரைப் போல நடந்து காட்டினாள். லேபில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், இவளும்தான். 3.05க்கு, வீட்டுக்கு வரும்போது தயிர் வாங்கி வரச் சொல்லி ஆல்வினுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். 3.40 வரைக்கும் அவளுக்குப் புருஷன் இருந்தான். 4.19 வரைக்கும் இருந்தான்.

"தயிர் வாங்கச் சொல்லி அனுப்புனத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தனுங்க்கா. அதுக்கப்புறந்தான் ரூமுக்குப் போயி வண்டிய எடுத்துட்டு நேர்லயே கெளம்புனேன். அப்பயும் சுந்தராபுரம் ரோட்டுப் பிரிவுல அரை மணி நேரம் நின்னுட்டுத்தான் வந்தேன்."

அவன் சொன்னதை நம்புகிறோமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஆட்டோவில் அஞ்சாவது நிமிடம்தான் ஏற்றினானா, பத்தாவது நிமிடமா? அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. போனை அவனிடம் கொடுத்தாள். குழாயை மூடினாள்.

வேன் புகை விட்டுக்கொண்டு நின்றது. சாமுவேல் வாசலில் காலை வைத்து, "வா அம்மணி, நேரமாகுது" என்றவர் அவள் பின்னால் வந்த முஜீபைப் பார்த்ததும் வாசலை விட்டு நகரவில்லை. "வண்டி ரொம்பிருச்சு. பஸ்சுல வரச் சொல்லு."

இனியா அவரைத் தாண்டி ஏறி, இருவர் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தாள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு ஜன்னலோரமாக நகர்ந்தாள்.

"எடமிருக்குதுங்க மாமா," என்றாள்.