படத்தில் இல்லாத அடுப்பு

“இவ என்ன, பொழுதுபோகாம மரத்த வேடிக்கை பாக்க வந்தவளாலே? அடுப்பு எங்க?”

“சித்தி, இது லண்டன்ல அச்சடிச்ச படம். நூறு வருசத்துக்கு மேல ஆச்சி. இதுல போயி அடுப்பத் தேடுதீயளே!”

“லண்டன்காரன் பதனிய அப்பிடியே கட்டியாக்கித் திம்பானோ?”

சபை அறைக்குள் சண்டை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். 1994 மே மாதம். உடன்குடிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபைக்கு நூற்றைம்பதாவது ஆண்டு மலர் தயாராகிக்கொண்டிருந்தது. செயலாளர் ஜெய்சன் அட்டைக்கு ஒரு பழைய மரச்செதுக்குப் படத்தை எடுத்து வைத்திருந்தான். பனையில் ஒருவர் ஏறுகிறார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, முதுகில் தசை, எல்லாம் நரம்பு நரம்பாகச் செதுக்கியிருக்கிறது. கீழே ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்கிறாள். அவ்வளவுதான் அவள் வேலை.

ஜெய்சன் சித்தி என்று கூப்பிடுகிற சாலோமி அக்கா இருபத்தைந்து வருடமாகப் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சுகிறவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏறுதது மட்டுந்தான் வேலையா? நாளைக்கு எம்புள்ளைக இந்த மலர எடுத்துப் பாத்தா, அம்மை சும்மா நின்னான்னுல்லா நெனைக்கும்.”

நான் பாளையங்கோட்டையில் ஓவிய ஆசிரியர். வரைந்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தப் படத்தின் கோடுகள் மாதிரியே அடுப்பு, அகன்ற சட்டி, துடுப்பால் கிண்டுகிற பெண் என்று சேர்த்துப் பெருமையாகக் கொண்டுபோனேன்.

அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார்.

“சாரே, ரெண்டு கையாலயும் துடுப்பப் பிடிச்சா தீய யாரு தள்ளுவா, ஒங்க வீட்டம்மாவா? ஒரு கை கிண்டணும், ஒரு கை காஞ்ச ஓலையத் தள்ளிக்கிட்டே இருக்கணும். ஓலை நின்னு எரியாதுல்லா. நீங்க வெறகுக்கட்டையல்லா வரைஞ்சிருக்கீய!”

வெட்கமாகப் போய்விட்டது. லண்டன்காரன் பனையைப் பார்த்தானோ இல்லையோ, நான் இந்த ஊரில் பிறந்து தினமும் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறவன்.

திருத்தி வரைந்தேன். அக்காவுக்குச் சம்மதம். ஜெய்சனுக்கு இல்லை.

“அண்ணாச்சி, நாம கை வச்ச பொறவு அது பழைய படமா? அடுப்பு இருக்க பழைய அச்சுப்படம் ஒண்ணு கொண்டாங்க, அட்டையில போடுதேன். ஜூன் இருவது வரைக்கும் பொறுக்கேன்.”

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல். மூன்று நூலகத்தில் தேடிவிட்டேன். கிடைத்த பழைய படங்களில் கொல்லர், குயவர், நெசவாளி, பனையேறி என்று ஆண்களெல்லாம் வேலை செய்கிறார்கள். பெண் குடத்தோடு நிற்கிறாள், இல்லாவிட்டால் பிள்ளையோடு நிற்கிறாள். ஒரே ஒரு படத்தில் அடுப்பு இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை, புகை மட்டும்.

இதை வாசிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலோ, சபை அலமாரியிலோ, கருப்பட்டி காய்ச்சும் பெண்ணைக் காட்டுகிற பழைய அச்சுப்படம் இருந்தால் உடனே எழுதுங்கள். பிரதி எடுக்க நானே வருகிறேன். இல்லையென்றால், தேடினேன், இல்லை என்று ஒரு கார்டாவது போடுங்கள்.