மேஸ்திரிக்கு எத்தனை பல்?

போன வருஷம் மூன்றாம் வகுப்பு டீச்சர் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். பார்வையிட வந்த கல்வி அதிகாரி அவளுடைய கேள்விச் சுவரைப் பார்த்து, "பரவாயில்லையே, நாலாம் வகுப்பைப் பாத்து நல்லாவே செஞ்சிருக்கீங்க" என்றார்.

நாலாம் வகுப்பு டீச்சருக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் கார்பன். பிள்ளைகள் கேட்கும் கேள்வியைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவது, அவர்களே விடையைத் தேடிப்பிடித்துச் சீட்டின் மடிப்புக்குள் எழுதுவது, பதில் கிடைக்கிறவரை எந்தச் சீட்டையும் கழற்றக் கூடாது என்ற சட்டம், எல்லாம் இவள் மூளையில் உதித்தவை. கார்பன் சாயங்காலமாக வந்து செல்போனில் படம் பிடித்துப் போவாள். மறுநாள் அவள் சுவரிலும் அதே சீட்டுகள் இருக்கும், எழுத்துப்பிழை உட்பட. அதிகாரி முதலில் நுழைவது நாலாம் வகுப்பில். மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் போன வருஷம் அவளுக்கே போனது.

இந்த வருஷம் விடுவதாக இல்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு நத்தை இருந்தது. கண்ணாடி ஜாடிச் சுவரில் நாள்முழுக்க ஏறி இறங்கும் அதற்குப் பிள்ளைகள் மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு டீச்சர் மேஸ்திரியைப் பற்றிய கேள்விச் சீட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, சுவரிலிருந்த நத்தைப் படத்தை மட்டும் கழற்றினாள். ஜாடியைப் பீரோவுக்குள் வைத்து, காற்றுப் போகக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் கார்பன் செல்போனோடு வந்தாள். "என்னக்கா, பிள்ளைங்க மேஸ்திரியப் பத்தியெல்லாம் கேட்டிருக்காங்க?"

"அவர்னா அவங்களுக்கு உசுரு" என்றாள் இவள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதிகாரி வந்த அன்று இவள் வராந்தாவில் நோட்டுகளை அடுக்குகிற சாக்கில் நின்றாள். இரண்டு காதும் நாலாம் வகுப்பில்.

"மேஸ்திரி ஏன் மழை பெய்தால் மட்டும் உச்சிவரை ஏறுகிறார்?" அதிகாரி சத்தமாகப் படித்தார். "யாரும்மா இவரு?"

"பள்ளிக்கூடம் கட்ட வந்தவர் சார். பிள்ளைங்க பேட்டி எடுத்தாங்க."

"மேஸ்திரிக்கு எத்தனை பல்?" அதிகாரியின் குரல் மாறியது. "மேஸ்திரி வெள்ளரிக்காய் தின்றால் ஏன் பச்சையாகக் கக்கா போகிறார்? பேட்டியில இதையுமா கேட்டாங்க?"

குறுக்கே ஒரு சிறுமியின் குரல். "சார், அது பக்கத்து கிளாஸ் நத்தை. நாங்க கேள்வியே கேக்க மாட்டோம் சார். டீச்சர்தான் எழுதி ஒட்டுவாங்க."

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. அதிகாரி அவள் வகுப்புக்கு வந்ததும் பீரோவைத் திறந்து மேஸ்திரியை மேசைமேல் வைத்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பயிற்சிப் பொறுப்பு அங்கேயே கைமாறியது.

மத்தியானம் அதே சிறுமி ஒரு சீட்டோடு வாசலில் நின்றாள். 'எங்க டீச்சர் ஏன் அழறாங்க?' என்று கோணல் எழுத்தில் இருந்தது.

"இதை உங்க செவுத்துல ஒட்டிக்க" என்றாள் டீச்சர்.

"அங்க எல்லாத்தையும் கிழிச்சிட்டாங்க. இங்கதான் பதில் கெடைக்கற வரைக்கும் கழட்ட மாட்டீங்களே."

சட்டம் போட்டவளே அதை எப்படி மீறுவது? ஒட்டினாள்.

பள்ளி விட்டதும் பேனாவை எடுத்தாள். மடிப்பைத் தூக்கி எழுதினாள்: 'நான்தான் அழவைத்தேன். போன வருஷம் உங்கள் டீச்சர் என்னை அழவைத்தார்.' படித்துப் பார்த்தாள். கொஞ்சங்கூட வருத்தம் வரவில்லை.

பதில் கிடைத்துவிட்டது, சட்டப்படி இனி சீட்டைக் கழற்றலாம். அவள் கழற்றவில்லை. கார்பன் வந்து இதையும் படம் பிடித்துக்கொண்டு போகட்டும்.