குளிக்காமல் வாருங்கள்

அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டித் தட்டை மேலடுக்கில் வைக்க அவள் கையைத் தூக்கினாள். அப்போதுதான் பேக்கரி மேற்பார்வையாளர், சரிந்த சட்டைக் கையின் வழியே, அவள் அக்குளில் இருந்த கருந்திட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு அழுக்க வச்சுக்கிட்டா மாவு பிசையிற? என்னன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லன்னா திங்கக்கிழமை உள்ள விடமாட்டேன்" என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

ஏழு வருட வேலை. அந்த ஒரு வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கால் தேய்க்கும் கல்லால் அக்குளைத் தேய்த்தாள். தோல் எரிந்ததே ஒழிய கருப்பு போகவில்லை. மறுநாளும் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் அக்காவோடு தோல் மருத்துவரிடம் போனாள்.

டாக்டரம்மா கழுத்து மடிப்பைப் பார்த்தார். "இங்க இல்ல. சர்க்கரையால வர்ற கருப்பு மாதிரி தெரியல." அறை விளக்கை அணைத்து, ஊதா ஒளி விளக்கை அக்குளில் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை.

"சோப்புப் போட்டுக் குளிச்சீங்களா?"

"குளிக்காம யாராவது வருவாங்களா?"

"நான் சந்தேகப்படுற கிருமி இருந்தா இந்த வெளிச்சத்துல பவளச் சிவப்பாத் தெரியும். கழுவிட்டா தெரியாது. நாளைக்குக் குளிக்காம வாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அழுக்குன்னு ஒருத்தர் துரத்துறாரு. அழுக்கா வான்னு நீங்க சொல்றீங்க."

"இவ சுத்தம்தான் டாக்டர் இவளுக்கு வியாதி" என்றாள் அக்கா. தங்கை சிரிக்கவில்லை.

மறுநாள் குளிக்காமல் போனாள். இருட்டில் அக்குள் தணல்போல் சிவந்து ஒளிர்ந்தது.

"பாக்டீரியா. வியர்வை தங்குற மடிப்புல வரும். களிம்பு போட்டா சரியாகும், வேலைக்கும் போகலாம்" என்று சொல்லி, நோயின் பெயரைக் கடிதத்தில் எழுதினார் டாக்டரம்மா.

"அழுக்கு இல்லன்னும் எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுதுற வழக்கமில்லம்மா."

"அவர் சொன்னது அந்த வார்த்தையத்தான். வியாதி பேரையா சொன்னாரு?"

டாக்டரம்மா அவள் முகத்தையும், கல் கீறிச் சிவந்த தோலையும் பார்த்தார். பேனாவை மறுபடி திறந்தார்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கடிதத்தை இரண்டு விரல் நுனியால் வாங்கினார்.

"நல்லாவே புடிங்க சார். தாள் குளிச்சிட்டுத்தான் வந்திருக்கு."

மாவு மேசையில் யாரோ களுக்கென்றார்கள். அவர் மனதுக்குள் படித்துவிட்டு, "சரி, உள்ள போ" என்றார்.

அவள் நகரவில்லை.

"அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்னீங்க? கடைசி வரிய அதே சத்தத்துல படிங்க. அப்புறம் போறேன்."

பிசைந்துகொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் தொண்டையைச் செருமினார்.

"இது அழுக்கு அல்ல."

"கேக்கல சார்" என்றாள்.