தைத்த வயிறும் பதினேழாம் நம்பர் பஸ்ஸும்

லோர்னா பெட்ரிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடியும் முன்பே பணிமனைக்கு வந்து, தன் பதினேழாம் நம்பர் பள்ளிப் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டயரைத் தட்டினாள், விளக்குகளைப் போட்டு அணைத்தாள். பார்க்கிறவர்களுக்கு அது பஸ் சோதனை. உண்மையில் அவள் சோதித்தது தன் பாதங்களை. ஒரு காலுறைக்கு மேல் நாலைந்து காலுறை மாட்டியதைப் போல, தரை மிதிபடுவதே தெரியவில்லை.

ஓய்வறையில் ரோஸான் டோனட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் ஓட்டுவது ஒன்பதாம் நம்பர்.

"அடிப்பாவி! இவ்வளவு நாளா இந்தக் கன்னத்து எலும்பை எல்லாம் எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?"

"இன்னும் கொஞ்சம் இளைச்சா, சீட் பெல்ட்டு இவளைப் பிடிக்காது. நான்தான் கயிறு போட்டுக் கட்டணும்" என்றார் டுவேன். பஸ்களை எல்லாம் ரேடியோவில் மேய்ப்பவர் அவர்.

லோர்னா சிரித்தாள். இந்தப் பாராட்டு இருக்கிறதே, அதைப் போல வாயடைக்கும் மருந்து வேறில்லை. காலையில் தின்ற இரண்டு கரண்டித் தயிரைக் கழிப்பறையில் கக்கிவிட்டு வந்தவளிடம் போய், என்னமா மின்னுகிறாய் என்றால் அவள் என்னதான் சொல்வாள்?

இத்தனையும் பஸ்ஸுக்காகத்தான். போன வருஷம் உடற்தகுதிச் சான்றுக்குப் போனபோது, தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, சர்க்கரை ஏறியிருக்கிறது, இந்த எடையோடு அடுத்த முறை கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பஸ் போனால் அவளுக்கு என்ன மிச்சம்? கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் அலாஸ்காவில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "லோர்னா!" என்று கத்திக்கொண்டு ஏறும் பிள்ளைகள்தான் அவளுக்கு வீடு. அதனால் வாய் வழியாகக் குழாய் விட்டு, கத்தி படாமல், இரைப்பை சிறுத்துச் சாப்பாடு குறையட்டும் என்று, டாக்டர்களை விட்டு வயிற்றை உள்ளுக்குள்ளேயே மடித்துத் தைத்துக்கொண்டாள். எடை மளமளவென்று இறங்கியது.

வாந்திதான் நிற்கவில்லை. வாந்தி தொடர்ந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று உணவு ஆலோசகர் மாய் யாங் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கூப்பிட்டால் சான்று தரும் டாக்டர் காதுக்குப் போய்விடுமே என்று லோர்னா வாயைத் திறக்கவில்லை. மாய் கொடுத்த சத்து மாத்திரை துருப்பிடித்த ஆணியைச் சப்புவதைப் போல இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடையில் விற்கும் கரடிப் பொம்மை வைட்டமின் மிட்டாயை மென்றாள். வைட்டமின் என்று மேலே போட்டிருந்ததே, அது போதாதா? வழியில் கழிப்பறை கிடையாது என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியெடுப்பது பஸ் ஓட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன விஷயம். வெறும் வயிறு அவளைப் பயமுறுத்தவில்லை.

அன்று பஸ் நிறையப் பிள்ளைகள். பால் பண்ணையைத் தாண்டியதும் ரயில் தண்டவாளம். பள்ளிப் பஸ் தண்டவாளத்துக்கு முன் நின்று, கதவைத் திறந்து ரயில் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துத்தான் கடக்க வேண்டும் என்பது சட்டம்; நிறுத்தினாள். பிள்ளைகளை அடக்கிவிட்டு, கதவையும் ஜன்னலையும் திறந்து காது கொடுத்தாள். மார்ச் மாதக் குளிர் முகத்தில் அறைந்தது. சத்தம் எதுவுமில்லை. கண்ணை ஓட்டினாள்.

ஒற்றைத் தண்டவாளம் இரண்டாக ஓடியது. சிக்னல் கம்பமும் இரண்டு. ஒரு கண்ணை மூடினாள், ஒன்றானது. திறந்தாள், மறுபடி இரண்டு. வலது கால் எதன்மேல் இருக்கிறது என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. பிரேக்தான். இந்தத் தடவை.

"லோர்னா, ரயில்தான் வரலையே, போலாமே!" என்று பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

கைப்பிரேக்கைப் போட்டு, சாவியை உருவி, ரேடியோவை எடுத்தாள்.

"டுவேன், பதினேழு பேசறேன். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். என்னால இதுக்கு மேல ஓட்ட முடியாது. வேற ஆளை அனுப்பு."

டுவேன் லேசுப்பட்டவர் இல்லை. ஓய்வறையிலிருந்து அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதை அவரும் பார்த்திருந்தார். குரலைத் தணித்தார்.

"லோர்னா, இது பதிவாகுது. எல்லா பஸ்லயும் கேக்குது. கதவு மக்கர் பண்ணுதுன்னு சொல்லும்மா. மீதியை நான் பாத்துக்கறேன்."

கதவு என்று ஒரே ஒரு பொய். நாளைக் காலையில் மறுபடி இதே சீட்டில் உட்காரலாம்.

"கதவு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "பஸ்ல ஒரு குறையும் இல்ல. கோளாறு எனக்குத்தான். எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. எழுதிக்கோ."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் முன்பே பி-ஒன் வைட்டமினை நரம்பில் ஏற்றினார்கள்; ஓயாத வாந்தியில் அது வற்றிப்போனதால்தான் கண்ணும் காலும் கெட்டிருந்தன. மாய் யாங் கட்டிலருகே வந்து கோபமாகவே நின்றாள்.

"அந்த மிட்டாயில இரும்பும் இல்ல, பி-ஒன்னும் இல்ல. வெறும் சக்கரை. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா நீங்க?"

"பண்ணியிருந்தா பஸ் போயிருக்கும்."

"பண்ணாததாலதான் போகுது" என்றாள் மாய். சொன்ன பிறகு மனம் கேட்காமல், லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் டுவேன் வந்தார். "இப்ப எத்தனை டுவேன் தெரியுது?"

"ஒருத்தன்தான். அதுவே ஜாஸ்தி."

அவர் சிரிக்கவில்லை. தேறிவிட்டாள் என்று நரம்பு டாக்டர் சொல்லும்வரை சான்று ரத்து என்றார்; கால் முழுக்கத் தேறாமலும் போகலாம் என்று அந்த டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். லோர்னா சுவர்ப்பக்கம் திரும்பி வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"என் ரூட்டை யார்கிட்ட கொடுத்தே?"

"ரோஸான்."

"அவளா?" தலையணையிலிருந்து எழுந்தே விட்டாள். "குளிருதுன்னு தண்டவாளத்துல கதவையே திறக்க மாட்டாளே!"

"இன்னிக்குத் திறந்தா" என்றார் டுவேன். "எல்லாருமே திறந்தாங்க. நேத்து நீ பேசினது அத்தனை பஸ்லயும் கேட்டுச்சு."